பரணி சாரின் முதல் கம்ப்யூட்டர்

மனித குலம் இதுவரை சாதித்ததில் மூன்றே மூன்றை மட்டும் சொல் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், நெருப்பு, சக்கரம் இரண்டையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாகத் தயங்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புத்தம்புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் குடிவைக்கும் கலை. நெருப்பையும் சக்கரத்தையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் நம்ம குடிபாலாக்காரர், திருவாளர் பரணி, இந்நாள் டாலஸ், அமெரிக்கா. அவரே அப்படிச் சொல்லியிருப்பதால் வேறு சாட்சி தேவையில்லை.

இந்தச் சாதனையின் அருமை புரியாத ஒரே ஜீவன் கல்பனா டீச்சர்தான். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வேலை அப்படி. 'டீச்சர்' என்பது ஊர் மரியாதைக்குச் சொல்வது; காகிதத்தில் அவள் 'பகுதி நேரக் கணினிப் பயிற்றுநர் (தற்காலிகம்)'. பதினோரு வருஷமாகத் தற்காலிகம்.

ஆந்திரத்தில், சித்தூர்ப் பக்கம் இருக்கிற குடிபாலாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் அவளுடைய தமிழ் மீடியம் ஹைஸ்கூல் வரும். ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் ஊர்க்காரர்களுக்குப் பெருமை தாங்காது. பத்தாம் கிளாஸில் ஒன்பது பேர், ஒன்பதும் பெண்பிள்ளைகள். பையன்களைத்தான் தெலுங்கு மீடியத்துக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்கும் வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்களே. மொத்தப் பள்ளிக்கும் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று. அதையும் கல்பனா சித்தூர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கினது. பஸ் கண்டக்டர்களே டிக்கெட் கிழித்துக்கொண்டு, "இன்னா டீச்சர், இன்னும் வரலியா உங்க பொட்டி?" என்று விசாரிக்கிற அளவுக்கு நடந்தாள்.

அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஒன்பது பெண்களின் பேரும் போட்டோவும் பரீட்சைக்காகத் தயாராக இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் இலாகாவின் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, பரீட்சை கிடையாது, ஒரு வருஷம் அம்போ. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்று கல்பனாவுக்கு நன்றாகத் தெரியும். தாலி கட்டி அனுப்பிவிடுவார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து ஏற்றிப் பார்க்கிறாள். 'சர்வர் பிஸி' என்றே வருகிறது. வேறு இடத்துக்குப் போய் ஏற்றலாம் என்றால் ஹெட்மாஸ்டரின் 'டிஜிட்டல் கையெழுத்து' அந்த மெஷினில்தான் பதிந்திருக்கிறது. வேறு மெஷினில் எடுக்காது. ஆகவே மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சாமி வரம் கொடுக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் வேதாச்சலம் அவசரக் கூட்டம் போட்டார். அவர் அவசரக் கூட்டம் போட்டால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் என்று அர்த்தம். மழைக்கு ஆறாம் கிளாஸ் சுவர் விழுந்தபோது சாதாரணக் கூட்டம்தான் போட்டார்.

"எல்லாரும் கவனமா வினண்டி," என்று வழக்கம்போலத் தெலுங்கு கலந்து ஆரம்பித்தார். "நம்ம பழைய மாணவர் பரணி காரு, சனிக்கிழமை திருமலை தரிசனம் முடிச்சு நேரா இங்க வர்றாரு. மெயில் போட்டிருக்காரு. அவரு ஆசை ஒண்ணே ஒண்ணு. சித்தூர்ல கிருஷ்ணப்பா இன்ஸ்டிடியூட்ல அவரு கத்துக்கின முதல் கம்ப்யூட்டர் இருக்கு பாரு, அது ஓடறதைக் கண்ணால பாக்கணும். பாத்துட்டா, நம்ம ஸ்கூலுக்கு அவரு கம்பெனி சரக்கு இருபது குடுக்கறாரு. இருபது!"

"அவரு கம்பெனி இன்னா சார் செய்யுது?" என்று கேட்டாள் கல்பனா.

"கம்ப்யூட்டர் கம்பெனிம்மா. திருப்பதில வெச்சிருக்காரு. கம்ப்யூட்டர் கம்பெனி வேற இன்னா செய்யும், முறுக்கா சுத்தும்?"

"அந்தப் பழைய மெஷின் இப்ப எங்க சார் ஓடும்? இருவது வருஷம் ஆச்சே."

"ஓடாது. அதனால நம்ம மெஷினோட உள் சாமானை எடுத்து அந்தப் பழைய டப்பால வெச்சு ஓட வைக்கறோம்." ஹெட்மாஸ்டர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "அவரு மெயில்லயே எழுதியிருக்காரு, இது இப்ப உலகம் முழுக்க நடக்கற பெரிய கலையாம். பழைய முகம், புதிய நெஞ்சு."

"சார், பத்தாம் கிளாஸ் பேரெல்லாம் அதுலதான கீது. சனிக்கிழமை கடைசி நாளு."

"மத்தியானம் அவரு கெளம்பினதும் திரும்ப மாத்திக்கோ. யாரு வேண்டான்னாங்க?"

தீர்மானம் ஒன்று: முதல் கம்ப்யூட்டரைத் தேடிக் கண்டுபிடிப்பது. தீர்மானம் இரண்டு: அதற்கு உயிர் கொடுப்பது. தீர்மானம் மூன்று: அவர் கொண்டுவரும் திருமலை லட்டுக்கு வரிசையாக நிற்கப் பிள்ளைகளைப் பழக்குவது. மூன்றும் ஏகமனதாக நிறைவேறின.

கல்பனா ஏன் ஒத்துக்கொண்டாள்? இருபது என்ற சொல்லுக்காகத்தான். அதற்கு அந்த முதல் கம்ப்யூட்டரின் கதையைச் சொல்ல வேண்டும். அவளும் பரணியும் கிருஷ்ணப்பா இன்ஸ்டிடியூட்டில் ஒரே பேட்ச். அது தொண்ணூற்றேழாம் வருஷம். முப்பத்திரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அதற்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவி, வரிசையில் உள்ளே போனால், சிவப்பு வெல்வெட் துணியை விலக்கி கிருஷ்ணப்பா சார் காட்டுவார். இரண்டு விநாடி நின்றால் போதும், "ஜரகண்டி, ஜரகண்டி!" என்று தள்ளிவிடுவார். திருமலையில் பெருமாளுக்கு என்ன சட்டமோ இங்கேயும் அதே சட்டம். தரிசனம் முடிந்ததும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் புரோகிராம் எழுத வேண்டும். சார் சிவப்பு மையில் 'ஓடும்' அல்லது 'ஓடாது' என்று போடுவார். மெஷினில் போட்டுப் பார்க்கிற பேச்சே கிடையாது. அழுக்காகிவிடும்.

கல்பனாவின் நோட்டு முழுக்க 'ஓடும்'. பரணியின் நோட்டு முழுக்க 'ஓடாது'. பிறகு, இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோய் உலகமே கவிழ்ந்துவிடும் என்று அமெரிக்கா பயந்தது. கை இரண்டு இருந்தால் போதும் என்று ஆள் எடுத்தார்கள். பெங்களூரில் பரணிக்கு ஒரு மாமா இருந்தார், ஏற்றி அனுப்பினார். கல்பனாவுக்கு மாமா இருந்தார், பெங்களூரில் இல்லை. அவள் கல்யாணமாகி, அப்புறம் தற்காலிகமானாள். ஒரு வருஷம் முழுக்க அந்த மெஷினை அவள் தொட்டது ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும், அதுவும் குங்குமப் பொட்டு வைக்க. அந்த ஆத்திரம் இன்னும் அவளுக்கு அடங்கவில்லை. தன் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு கீபோர்டைத் தட்டி உடைத்தாலும் பரவாயில்லை, தட்ட வேண்டும். இருபது வந்தால் நடக்கும்.

வியாழக்கிழமை சித்தூருக்கு ஓடினாள். இன்ஸ்டிடியூட் இப்போது மாம்பழக்கூழ் டின் அடுக்கும் கோடவுன். ஏசி இருந்த ஜன்னலில் சாக்கு கட்டியிருந்தது. கிருஷ்ணப்பா வாடகை வாங்குகிற ஆளாக நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அந்த மெஷினா? அதை எப்பவோ பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டனேம்மா."

"ஐயையோ. பரணி வர்றாரு சார், அதைப் பாக்க."

"யாரு, அந்த 'ஓடாது' பரணியா?" கிருஷ்ணப்பா உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். "அந்த மூலைல பாரு, வேலூர்ல ஏதோ ஆபீஸ்ல கழிச்ச டப்பா ஒண்ணு கெடக்குது. டின்னு ஆடுதுன்னு முட்டுக் குடுத்திருக்கேன். அதே கலரு, அதே காலம். எடுத்துக்கினு போ. எறும்பைத் தட்டிட்டு எடு."

கழுவக் கழுவ அதிலிருந்து மாம்பழ வாசனை வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அறுவை சிகிச்சை. புது போர்டுக்கும் பழைய டப்பாவுக்கும் ஓட்டை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. சாக்பீஸ் பெட்டியின் மூடியை அறுத்து, அதன்மேல் போர்டை வைத்து, கம்பி கட்டி இறுக்கினாள். பின்பக்கத் தகட்டைத் தகரம் வெட்டுகிற கத்தரியால் நறுக்கினாள். திருப்புளி ஒருமுறை வழுக்கி, டப்பாவின் முன்பக்கத்தில் குறுக்கே நீளமாகக் கீறிவிட்டது. "போச்சு, கண்டுபுடிச்சிடுவாரு," என்று பயந்தாள். எட்டு மணிக்கு மெஷின் ஓடியது. வலைத்தளத்தைத் திறந்து பார்த்தாள். சர்வர் பிஸி.

சனிக்கிழமை பத்தரைக்கு, திருமலையில் முடி இறக்கிய மொட்டைத் தலையில் சந்தனம் மினுங்க, பரணி காரிலிருந்து இறங்கினார். மேளம் கொட்டியது. பின்னாலேயே ஒரு டெம்போ. அதில் அட்டைப் பெட்டிகள். கல்பனா எண்ணினாள். இருபது. இன்னொரு தடவை எண்ணினாள். இருபதேதான்.

ஹெட்மாஸ்டர் பட்டுத் துணியை விலக்கினார். பரணி பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விரலை மெதுவாக நீட்டி அந்தக் கீறலைத் தடவினார்.

"இந்தக் கீறல்!" குரல் தழுதழுத்தது. "இது நான் போட்டது சார். தொண்ணூத்தேழுல. ராத்திரி பகல் பாக்காம கோட் எழுதுவேன். புரோகிராம் ஓடலன்னு ஒரு நாள் கோபத்துல பேனாவால கீறிட்டேன். கிருஷ்ணப்பா சார் அடிச்சாரு. அந்த அடிதான் என்னை டாலஸ்ல கொண்டு போய் விட்டுது."

கூட்டம் "அச்சச்சோ" என்றது. சித்தூரிலிருந்து வந்திருந்த நிருபர் கீறலை மட்டும் தனியாகப் போட்டோ எடுத்தார். பரணி குனிந்து மோந்து பார்த்தார். "அதே வாசனை! இந்தக் காலத்து மெஷின்ல வருமா இந்த வாசனை?" வராதுதான். இந்தக் காலத்து மெஷினை யாரும் மாம்பழக்கூழ் டின்னுக்கு அடியில் வைப்பதில்லை.

கல்பனாவைப் பார்த்து, "நீங்க... கிருஷ்ணப்பா சார்கிட்ட டைப் அடிக்கக் கத்துக்கினவங்க இல்ல?" என்றார்.

"ஆமா சார்," என்றாள் கல்பனா. சண்டை போட அது நேரமில்லை. மணி பதினொன்றரை.

அடுத்து பரிசளிப்பு. ஹெட்மாஸ்டர் முதல் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கம்ப்யூட்டர். பார்த்தால் இருபது வருஷப் பழசு. தொட்டால் நேற்றுச் செய்தது. பரணி மைக்கைப் பிடித்து அதன் மகிமைகளை விளக்கினார்.

"எங்க திருப்பதி யூனிட்ல நாப்பது பேர் வேலை செய்யறாங்க. பிளாஸ்டிக் வெள்ளையாத்தான் வரும். இருபது வருஷத்துப் பழுப்பை நாங்க மூணு மணி நேரத்துல ஏத்தறோம். அதுக்குன்னே தனியா பழுப்பு மேனேஜர் இருக்காரு. இங்க ஃபிளாப்பி போடற வாய் தெரியுது பாருங்க? அது வாய் இல்ல. வாய் மாதிரி. இது அந்தக் காலத்துல வேகம் கூட்டற டர்போ பட்டன். அழுத்தினா ஒண்ணும் ஆகாது. அழுத்தினா ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு ஆறு மாசம் ரிசர்ச் பண்ணோம்."

கைதட்டல் அடங்கியதும் கல்பனா கேட்டாள்: "உள்ள இன்னா சார் இருக்குது?"

"எதை வேணா வெச்சுக்கலாம்! அதுதான் இதோட பியூட்டி. உங்ககிட்ட இருக்கற எந்தப் புது ஹார்டுவேரும் உள்ள கச்சிதமா உக்காரும்."

"எங்ககிட்ட இல்லியே சார்."

"வாங்கிக்குங்க!" என்றார் பரணி பெருந்தன்மையாக. "நான் எல்லாத்தையும் குடுத்துட்டா பிள்ளைங்களுக்கு முயற்சி வராது." மறுபடியும் கைதட்டல். ஹெட்மாஸ்டர்தான் முதலில் தட்டினார்.

கல்பனா குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். வெறும் கூடு. சரி, ஒழியட்டும், இருந்த ஒன்றாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்வதற்குள் பரணி அடுத்ததைச் சொன்னார்.

"பதிலுக்கு நான் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு போறேன். என் முதல் கம்ப்யூட்டரை. எங்க டாலஸ் ஆபீஸ் வாசல்ல கண்ணாடிக் கூண்டுல வைக்கப் போறேன். சாப்பிட்டதும் கார்ல ஏத்திடுங்க."

பந்தி போட்டார்கள். கல்பனா ஹெட்மாஸ்டரின் இலை ஓரமாகக் குனிந்தாள். "சார், ஒம்பது பேரு சார். அஞ்சு மணி."

"சாம்பார் ஊத்தறாங்க, நகரு," என்று வேதாச்சலம் முணுமுணுத்தார். "இருபது குடுத்த மனுஷன். ஒண்ணைத் திருப்பிக் கேட்டா நல்லா இருக்குமா? சர்வர் பிஸி, ஏத்த முடியலன்னு எழுதிடலாம். அடுத்த வருஷம் எழுதட்டும்."

"அடுத்த வருஷம் கையில கொழந்தைய வெச்சிக்கினு வருவாளுங்க சார்."

"நீ தற்காலிகம்மா. அதை மறந்துடாத."

அவள் பரணியிடமே போனாள். "சார், அந்தப் பொட்டிக்கு உள்ள இருக்கறது..."

"தெரியும்மா," என்று பரணி கண்ணை மூடிக்கொண்டார். "உள்ள இருக்கறது என் ஆத்மா." கையில் பாதி வடை இருந்தது.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? கல்பனா பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டாள். மாட்டினால் பதினோரு வருஷ வேலை போய்விடும். திருப்புளியை எடுத்தாள். வெளியே பாயசம் வந்து சேர்வதற்குள் பரணி சாரின் ஆத்மாவைச் சாக்பீஸ் பெட்டி மூடியோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்தாள். பெட்டிக்குள் ஒரு ஸ்குரூகூட விடவில்லை. கம்பியை உருவினாள், எலிப்புழுக்கை இருந்தது, அதையும் ஊதிச் சுத்தம் செய்தாள். திரும்ப மூடி, பட்டுத் துணியைப் போர்த்தி வெளியே கொண்டு வந்து வைத்தாள்.

பரணியின் டிரைவர் ரமணா தூக்கினவன் தடுமாறிவிட்டான். கனமாக இருக்கும் என்று தம் பிடித்துத் தூக்கியிருந்தான்.

"சார், இன்னா சார் இது, இம்மாம் லேசா கீது?"

பரணி அவனைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "அதுதாண்டா அந்தக் காலத்துச் சரக்கு. பொருளே தெரியாத அளவுக்கு நுணுக்கமா செஞ்சிருக்காங்க. இப்ப யாருக்கு வருது அந்தக் கைவேலை?" என்று சொல்லிப் பின்சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டே போனார். சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார், பெட்டிக்கு.

கார் மறைந்ததும் கல்பனா ரூமுக்கு ஓடினாள். மேஜைமேல் போர்டு உடுப்பில்லாமல் கிடந்தது. அப்படியே வயரை மாட்டி ஓட்டினாள். இரண்டேகால்: சர்வர் பிஸி. மூன்று: சர்வர் பிஸி. ஒன்பது பெண்களும் வாசலில் நின்றுகொண்டு திரையையே பார்த்தார்கள். மூன்று ஐம்பதுக்கு முதல் பேர் ஏறியது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒன்பதாவது பேர், காவ்யா, போட்டோவோடு ஏறியது. கல்பனா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று லட்டைப் பிய்த்து வாயில் ஊட்டினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரணி சாரின் தொண்டு நமக்கு முழுசாகத் தெரியாமலே போயிருக்கும். ஹெட்மாஸ்டர் அந்த இருபது பெட்டியையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, 'நவீன கணினிக் கூடம்' என்று பலகை எழுதி, இலாகாவுக்குப் போட்டோவோடு அறிக்கை அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வந்தது. இரண்டாவது பத்தியில் விஷயம் இருந்தது: 'தங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருபது கணினிகள் சிறப்பாக இயங்கி வருவதாகத் தெரிவதால், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஐந்து கணினிகள் தேவையுள்ள வேறு பள்ளிக்கு மாற்றி வழங்கப்படுகின்றன.' அந்த ஐந்து, கல்பனா சித்தூருக்கு நடந்ததில் கேட்டு வைத்திருந்த ஐந்து.

ஒரு மாசம் கழித்து டாலஸிலிருந்தும் மெயில் வந்தது. போட்டோ இணைத்திருந்தார்கள். பளிங்குத் தரை, கண்ணாடிக் கூண்டு, நாலு பக்கமும் விளக்கு, நடுவில் அந்தப் பெட்டி. கூண்டைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கைகட்டி நிற்கிறார்கள். கீழே பித்தளைத் தகட்டில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு வாசகம். வேதாச்சலம் ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் உட்கார வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார்: "'இன்று நான் என்னவாக இருக்கிறேனோ, அது அத்தனையும் இதற்குள் இருந்து வந்தது.' ஆஹா, எப்பேர்ப்பட்ட வார்த்தை! எவ்வளவு உண்மை இருந்தா ஒரு மனுஷன் வாயில இப்படி வரும்!"

"ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல சார்," என்றாள் கல்பனா. "நான் தெறந்து பாத்திருக்கேன்."